ஜெப ஆலயத்தில் ஒரு வெறுங்கால்

“இது நம்ம ஆள் வேலைதான்” என்று பாலா காலையிலேயே சொல்லிவிட்டான். பத்துப் பேர் கேட்கும்படி, தமிழில் ஒருமுறை, இங்கிலீஷில் ஒருமுறை.

அதில் அவனுக்குப் பெருமை வேறு. துப்பறியும் ரஞ்சினியிடம் உதவியாளனாகச் சேர்ந்ததிலிருந்து கார் ஓட்டுவதும் ஜோக் அடிப்பதும்தான் அவன் வேலை. இன்றைக்கு ரஞ்சினி ஒரு சாட்சிக்காக டான்டினாங் கோர்ட்டில் மாட்டிக்கொள்ள, திருட்டு நடந்த இடத்தைப் பார்க்க அவன் தனியாக வந்தான். வந்த வேகத்தில் கேஸை முடித்துவிட்டதாகவும் நினைத்துக்கொண்டான். நினைத்ததை வாய்க்குள் வைத்துக்கொள்ளும் பழக்கம் அவனுக்குக் கிடையாது.

மதியம் ரஞ்சினி டிராமிலிருந்து இறங்கியபோது அவன் வாசலிலேயே காத்திருந்தான்.

“அக்கா, உங்களுக்கு வேலையே வைக்கல. ஆளைப் பிடிச்சாச்சு.”

“நான் வாறதுக்கு முன்னமே தீர்ப்பும் எழுதிப்போட்டீரோ?” என்றாள் ரஞ்சினி. யாழ்ப்பாணத்துக்காரி. யாருக்கும் பாராட்டை முன்பணமாகக் கொடுக்க மாட்டாள்.

மெல்பன் நகரத்தின் நடுவில், இரண்டு கண்ணாடிக் கோபுரங்களுக்கு இடையில் ஒடுங்கி நிற்கிறது அந்த யூத ஜெப ஆலயம். அந்தக் காலத்தில் தங்கம் தோண்ட வந்தவர்களுக்குப் பின்னாலேயே சட்டியும் சட்டையும் விற்க வந்த சில குடும்பங்கள் கட்டியது. மேலே செம்புக் குவிமாடம். உள்ளே மெலிந்த இரும்புத் தூண்கள் தாங்கும் பெண்கள் மாடம். நடுவில், வேதம் வாசிக்க மரத்தால் ஆன மேடை. கூரை ஒழுகி, சுவர் உப்பி, புறாக்களுக்கு மட்டும் பயன்பட்டுக்கொண்டிருந்த கட்டடத்தை வாசுதேவனின் கம்பெனி இரண்டு வருடமாகப் புதுப்பித்து வந்தது. ஞாயிற்றுக்கிழமை மறுதிறப்பு.

அந்த நேரம் பார்த்து ஒரு புத்தகம் காணாமல் போயிருந்தது. போன மாதம் நடுமேடையின் பலகையைக் கழற்றியபோது அடியில் கிடைத்த பழைய பிரார்த்தனைப் புத்தகம். தோல் அட்டை, பொன் எழுத்து, முதல் குடும்பங்கள் கப்பலில் கொண்டுவந்தது. திறப்பு விழாவில் அதிலிருந்துதான் முதல் பிரார்த்தனையை வாசிப்பதாக இருந்தார்கள். நிர்வாகக் குழுத் தலைவி மிரியம் லெவின் போலீஸுக்குப் போகத் தயங்கினார். “எனக்குத் தெரிஞ்ச தமிழ் டிடெக்டிவ் ஒருத்தங்க இருக்காங்க” என்று ரஞ்சினியின் நம்பரைக் கொடுத்தவர் வாசுதேவன்தான்.

மிரியம் அம்மையாருக்கு எழுபது வயதிருக்கும். வாசலிலேயே பாலாவின் தலையில் ஒரு சின்ன வட்டத் தொப்பியை வைத்தார். அவன் எண்ணெய்த் தலையில் அது நிற்காமல் வழுக்கியது.

“நம்ம கோயில்ல சட்டையைக் கழட்டச் சொல்றாங்க, இங்க தொப்பியை மாட்டச் சொல்றாங்க. கடவுளுக்கு ஆளுக்கொரு டிரஸ் கோட்.”

“கதையைச் சொல்லும்.”

“புத்தகம் பின்னாடி ஆபீஸ் ரூம்ல, இரும்பு அலமாரிக்குள்ள. பூட்டு உடைபடல. சாவி ரெண்டு பேர்கிட்ட. ஒண்ணு முதலாளி வாசுதேவன். காணோம்னு சொன்னதே அவர்தான், அதனால அவரை விட்டுடலாம். இன்னொண்ணு பிரஷாந்தன்னு ஒரு ஃபோர்மேன், சுண்ணாம்பு வேலைக்காரர். உங்க ஊர்க்காரர். இப்ப இதைப் பாருங்க.”

ஓரமாகப் பிளாஸ்டிக் திரை கட்டியிருந்த இடத்துக்கு அழைத்துப் போனான். போன வாரம் கூரைப் பூச்சைத் தேய்த்தபோது விழுந்த வெள்ளைத் தூசி, திரைக்குள் இன்னும் பெருக்கப்படாமல் மாவு மாதிரிப் படிந்து கிடந்தது. அதில் காலடிகள். ஐந்து விரலும் தெரிகிற வெறுங்கால்.

“இது கட்டட சைட். இரும்பு பூட்ஸ் போடாம உள்ள வந்தா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. ஆனா ஒருத்தர் வெறுங்காலோட வந்திருக்கார். இந்த ஊர்ல யார் சாமி இருக்கிற இடம்னு செருப்பைக் கழட்டுவா? வெள்ளைக்காரனா? இந்தக் கோயில்காரங்களா? நம்மதான். திருட வந்தாலும் பக்தியோட வந்திருக்காரு பாருங்க.”

ஜோக் நன்றாகத்தான் இருந்தது. ரஞ்சினி சிரிக்கவில்லை.

“இதை ஆருக்கு முன்னால சொன்னனீர்?”

“எல்லாருக்கும் முன்னாடிதான். அந்தம்மா உடனே பிரஷாந்தன் சைட்டுக்குள்ள வர்ற பாஸை வாங்கிட்டாங்க. ஆளு ஒரு வார்த்தை பேசல. அதுவே ஒப்புக்கிட்ட மாதிரிதானே?”

ரஞ்சினி திரையோரம் குனிந்து உட்கார்ந்தாள். பக்கவாட்டுக் கதவிலிருந்து அடிகள் வந்தன. ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றன. பிறகு வந்த வழியே திரும்பிப் போயின.

“ஆபீஸ் எந்தப் பக்கம்?”

“இடது பக்கம்.”

“இந்தக் கால் அங்க போகவே இல்லையே. இதில வந்து, ரெண்டு காலையும் சேர்த்து வச்சுக்கொண்டு நிண்டிருக்கு. கள்ளன் ஏன் காலைச் சேர்த்து வச்சுக்கொண்டு நிக்கிறான்?”

“களைப்பா இருந்திருக்கும்” என்றான் பாலா. ஆனால் குரலில் சுருதி இறங்கிவிட்டது.

“விரல் எந்தப் பக்கம் பாக்குது?”

பாலா விரல்கள் காட்டிய திசையில் பார்த்தான். நடுமேடை. ரஞ்சினி அங்கே போய் முதல் படியைத் தடவினாள். மற்ற இடமெல்லாம் மெல்லிய தூசி இருக்க, மேடையைச் சுற்றி மட்டும் யாரோ பெருக்கித் துடைத்திருந்தார்கள். படியின் ஓரத்தில் பொட்டு அளவுக்குக் கறுப்புக் கறை. குனிந்து மோந்து பார்த்தவள் பாலாவையும் மோந்து பார்க்கச் சொன்னாள்.

கற்பூரம். அதை மோந்து பார்த்துத் தெரிந்துகொள்ள மதுரைக்காரனுக்கு ஒரு நொடி போதும்.

“ஆரோ இதில பூசை செய்திருக்கினம். இந்த ஆள் தூர நிண்டு கும்பிட்டிருக்கிறார்” என்றாள் ரஞ்சினி. “கும்பிட வந்த மனுசனைத்தான் நீர் கள்ளன் எண்டு சொன்னனீர்.”

பாலா தொப்பியைச் சரிசெய்கிற சாக்கில் தலை குனிந்துகொண்டான்.

“அக்கா, இன்னொண்ணு. ஸ்பிரிங்வேல் தமிழங்க வாட்ஸ்அப் குரூப்ல இது வந்துடுச்சு. நான் போடல. ஆனா ஒருத்தர் போன் பண்ணிக் கேட்டார். ஆமான்னு சொல்லிட்டேன்.”

ரஞ்சினி எழுந்து காரை நோக்கி நடந்தாள். திட்டியிருந்தால் அவனுக்கு வசதியாக இருந்திருக்கும்.

பிரஷாந்தனின் வீடு ஸ்பிரிங்வேல் ஸ்டேஷனுக்குப் பின்னால், அடுக்கு வீடு ஒன்றின் தரைத்தளம். கதவைத் திறந்தது மனைவி தர்ஷனா. அழுது முடித்துக் கோபத்துக்கு வந்திருந்த முகம். பாலாவைப் பார்த்ததும் கதவை மூடப் போனாள். ரஞ்சினி முன்னால் வந்து நின்றதால் மூடவில்லை.

பிரஷாந்தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். நாற்பது வயது. வேலை உடுப்பைக்கூட மாற்றவில்லை. படகில் வந்தவன். இத்தனை வருடமாக பிரிட்ஜிங் விசா என்கிற தற்காலிக விசாவிலேயே காலத்தை ஓட்டிக்கொண்டிருப்பவன். ஒரு திருட்டு வழக்கு வந்தால் அந்த விசாவும் போகும். இது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். காலையில் வாயைத் திறந்தபோது பாலாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

“தம்பி, அண்டைக்கு நீங்கள் கும்பிடத்தான் நிண்டனீங்கள் எண்டு எனக்குத் தெரியும்” என்றாள் ரஞ்சினி. “என்ன நடந்தது?”

பிரஷாந்தன் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தான். “அண்டைக்குச் சரஸ்வதி பூசை, அக்கா. காலமை வேலைக்கு வந்தனான். உள்ள கற்பூர மணம். சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ளுக்குப் போய்க் கும்பிட்டனான். பிறகு வந்திட்டன்.”

“மேடையில என்ன வச்சிருந்தது?”

“பட்டுத்துணியால மூடி இருந்தது. நான் கிட்டப் போகேல்ல.”

“பூசை செய்தது ஆர்?”

அவன் மனைவியைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

“அது அவையின்ர கோயில். அவை வேற சாமியை உள்ளுக்கு எடுக்காத ஆக்கள். அதுக்குள்ள பூசை செய்தது எண்டு தெரிஞ்சா அந்த மனுசனுக்கு என்ன நடக்கும்? சாமி கும்பிட்டவரை என்னால காட்டிக்குடுக்க ஏலாது. கேளாதேங்கோ.”

“அண்ணே, உங்க விசா…” என்று பாலா ஆரம்பித்தான்.

“விசாவை நீங்கள் காலமை யோசிச்சிருக்கலாம்” என்றாள் தர்ஷனா.

காரில் திரும்பி வரும்போது பாலா ரேடியோவைப் போடவில்லை. மொனாஷ் நெடுஞ்சாலையில் பாதி தூரம் வந்த பிறகுதான் ரஞ்சினி பேசினாள்.

“காலமை அந்த சைட்டில மெஷின்களைப் பாத்தனீரோ?”

“பார்த்தேன். டிரில், மிக்ஸர், ஏணி. சந்தனப் பொட்டு வச்சிருந்தது. போர்ட்டபிள் டாய்லெட் கதவுல கூட ஒண்ணு.”

“அதை ஏன் என்னட்டச் சொல்லேல்ல?”

“அதுல சொல்ல என்ன இருக்கு? நம்ம ஆள் கம்பெனி, ஆயுத பூஜைக்குப் பொட்டு வைப்பாங்க. எங்க ஊர்ல பஸ் ஸ்டியரிங்ல இருந்து…” பாலா பாதியில் நிறுத்தினான்.

வெள்ளைக்காரத் துப்பறிவாளன் ஒருவன் வந்திருந்தால் இதென்ன மஞ்சள் கறை, இதென்ன சிவப்புப் புள்ளி என்று முதலில் அதைத்தான் கேட்டிருப்பான். பாலாவுக்கு அது வீட்டுச் சுவர் மாதிரிப் பழகியது. பழகிய கண்ணில் பட்டும் படாமல் போய்விட்டது. காலடி மட்டும் அதிசயமாகத் தெரிந்தது.

“ஆயுதத்துக்குப் பொட்டு வச்சாச்சு” என்றாள் ரஞ்சினி. “சரஸ்வதிக்கு என்ன வைக்கிறது?”

“புத்தகம்.”

“அந்தக் கட்டடத்துக்குள்ள அண்டைக்கு என்ன புத்தகம் இருந்தது, பாலா?”

அடுத்த எக்ஸிட்டில் வண்டி கொஞ்சம் வேகமாகத் திரும்பியது.

வாசுதேவன் ஆபீஸ் அறையில் தனியாக இருந்தார். கோயம்புத்தூர்க்காரர். ஐம்பது வயது. பழைய கட்டடங்களைக் காப்பாற்றுவதில் இந்த நகரத்தில் பெயர் வாங்கியவர். இவர்களைப் பார்த்ததும் எழுந்து, “காபி சாப்பிடுறீங்களா?” என்றார்.

“காபி வேண்டாம் சார்” என்றான் பாலா. “சரஸ்வதி பூஜை அன்னிக்கு நடுமேடையில என்ன வச்சுக் கும்பிட்டீங்க?”

வாசுதேவன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மறுக்க முயற்சி செய்யவில்லை. இத்தனை நாளும் யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர் மாதிரித்தான் இருந்தது அவர் பெருமூச்சு.

“வருஷா வருஷம் சைட்ல பூஜை போடுவேனுங்க. இந்த வருஷம் இங்க வேலை முடியுது. ரெண்டு வருஷம் சோறு போட்ட கட்டடம். யாரும் வர்றதுக்கு முன்னாடி வந்து, மேடையைத் துடைச்சு, மெஷினுக்கெல்லாம் பொட்டு வச்சேன். புத்தகம் வைக்கணுமே. சைட்ல வேற என்னங்க இருந்துச்சு? சேஃப்டி மேனுவல்தான். அதை வச்சுக் கும்பிட மனசு வரல. அலமாரில அது இருந்துச்சு. எந்த சாமியா இருந்தா என்ன, புத்தகம் சரஸ்வதிதானேன்னு எடுத்து வச்சுட்டேன்.”

“பொட்டும் வச்சனீங்களோ?”

“அட்டைக்குச் சந்தனம், அதுமேல குங்குமம். அன்னிக்குப் படிக்கவும் கூடாது, எடுக்கவும் கூடாதில்லீங்களா? மேடைக்கு யாரும் போகாதீங்க, பாலிஷ் காயணும்னு சொல்லிட்டு, பட்டுத்துணி போட்டு மூடி வச்சுட்டேன். மறுநாள் விஜயதசமி. வந்து எடுத்தா, சந்தன ஈரத்துல குங்குமம் கரைஞ்சு ஓரமெல்லாம் உள்ள இறங்கிருச்சு. பதறிப்போயி ஈரத்துணியால துடைச்சேன். பொன் எழுத்தும் கையோட வந்துருச்சுங்க.”

அவர் மேசை இழுப்பறையைத் திறந்தார். பட்டு வேட்டியில் சுற்றிய புத்தகத்தை இரண்டு கையாலும் எடுத்து வைத்தார். தோல் அட்டையில் ரோஜா நிறத்தில் ஒரு பெரிய மேகம். பக்கங்களின் விளிம்பெல்லாம் சிவப்பு.

“மிரியம் மேடம் கேட்டப்ப, அலமாரில காணோம்னு வாயில வந்துருச்சு. உண்மையைச் சொன்னா, அவங்க கோயிலுக்குள்ள என்ன காரியம் பண்ணினேன்னு கேட்பாங்களே. இனி இந்த ஊர்ல எந்தக் கட்டடத்தையும் நம்பி எங்கிட்டக் குடுக்க மாட்டாங்களே. அதான் பயம். உங்களைக் கூப்பிட்டதுகூட, நம்ம ஆளுங்கன்னா கொஞ்சம் தேடிட்டு கிடைக்கலன்னு விட்டுருவீங்கன்னு…”

“நாங்கள் விடேல்ல. நீங்கள் எதிர்பார்த்ததைவிட நல்லாவே செய்து, ஒரு அப்பாவியையும் பிடிச்சுத் தந்திட்டம்” என்றாள் ரஞ்சினி. கசப்பு பாலாவுக்கும் சேர்த்துத்தான். “பிரஷாந்தனை எல்லாருக்கும் முன்னால கள்ளன் எண்டு சொல்லேக்க நீங்கள் எங்க நிண்டனீங்கள்?”

“பக்கத்துலதான்” என்றார் வாசுதேவன்.

கதவருகே மிரியம் அம்மையார் நின்றிருந்தார். தமிழ் புரியாது. ஆனால் மேசையில் இருந்தது அவர் கண்ணில் பட்டுவிட்டது. வாசுதேவன் எழுந்து நின்று எல்லாவற்றையும் மறுபடியும் இங்கிலீஷில் சொன்னார். ஒரு கேவலத்தை இரண்டு மொழியில் சொல்வது சாமானியக் காரியம் இல்லை. இரண்டாம் முறை இன்னும் கேவலமாக இருந்தது.

மிரியம் புத்தகத்தைத் தொட்டுப் பார்த்தார். “இந்தச் சிவப்பு எதற்கு?”

“மரியாதைக்கு.”

“மரியாதை செய்தவர் ஏன் ஒளித்து வைத்தீர்கள்?”

வாசுதேவன் பட்டு வேட்டியின் ஓரத்தை மடித்தார்.

“உங்கள் பூஜை எங்கள் ஆலயத்தில் நடந்திருக்கக் கூடாது. அதற்கு எனக்குக் கோபம் இருக்கிறது. புத்தகத்தை நிபுணர்களிடம் கொடுப்போம், முடிந்ததைச் செய்வார்கள். ஆனால் அது இல்லை இப்போது விஷயம்.” அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். “அந்த மனிதரிடமிருந்து பாஸை வாங்கியது என் கை. ஒருவனுடைய இனத்தைப் பார்த்து இவன்தான் திருடன் என்று முடிவு கட்டினால் எப்படி இருக்கும் என்பதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான். இன்றைக்கு ஒரு காலடியைக் காட்டினார்கள், நானும் சரி என்றுவிட்டேன்.”

பாலா எத்தனையோ இடத்தில் அசடு வழிந்திருக்கிறான். இப்படி உடம்பு முழுக்கக் கூசியதில்லை.

“நாங்கள் மன்னிப்புக் கேட்டு விரதம் இருக்கும் நாள் போன வாரம்தான் போனது” என்றார் மிரியம். “அன்றைக்கும் கடவுளுக்குச் செய்த பிழையைத்தான் கடவுள் மன்னிப்பார். மனிதனுக்குச் செய்ததை அந்த மனிதனிடம் போய்த்தான் கேட்க வேண்டும். அவரை இங்கே கூப்பிடாதீர்கள். நாம் போவோம்.”

நாலு பேரும் ஒரே காரில் போனார்கள். பாலாதான் ஓட்டினான்.

பிரஷாந்தன் எல்லாவற்றையும் நின்றுகொண்டே கேட்டான். மிரியம் பாஸை இரண்டு கையாலும் நீட்டி மன்னிப்புக் கேட்டார். வாசுதேவன் அழுதார். பாலா, “அண்ணே, யோசிக்காமப் பேசிட்டேன், என்னை மன்னிச்சிடுங்க” என்றான். ஒரு வேடிக்கை வார்த்தையும் அவனுக்கு வரவில்லை.

“சரி, பரவாயில்லை அண்ணை. அழாதேங்கோ” என்றான் பிரஷாந்தன். “நீங்கள் கும்பிட்டதில எனக்கு ஒரு பிழையும் தெரியேல்ல.”

“அவர் பரவாயில்லை எண்டுதான் சொல்லுவார்” என்றாள் தர்ஷனா. “எல்லாத்தையும் விழுங்கி விழுங்கிப் பழகின மனுசன். நான் சொல்ல மாட்டன். வீட்டுக்குள்ள வந்து காதுக்குள்ள மன்னிப்புக் கேக்கிறியள். கள்ளன் எண்டு ஊருக்கு முன்னாலதானே சொன்னனீங்கள்? இண்டைக்கு வியாழக்கிழமை. தமிழ்க் கடைக்கு மரக்கறி வாற நாள். கதைக்கிற ஆக்கள் எல்லாரும் அங்கதான் நிப்பினம். வாங்கோ.”

“வேண்டாம், விடும்” என்றான் பிரஷாந்தன். அவள் ஏற்கெனவே செருப்பைப் போட்டுவிட்டாள்.

கடையில் நல்ல கூட்டம். நாளைய விரதத்துக்கு வாழைக்காயும் முருங்கைக்காயும் பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் தர்ஷனாவைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். அந்த நிறுத்தத்திலேயே எல்லாம் தெரிந்தது. அவள் கல்லாவுக்குப் பக்கத்தில் போய் நின்று, “இவை ஒரு விசயம் சொல்ல வந்திருக்கினம்” என்றாள்.

பாலா சொன்னான். காலையில் நான் சொன்னது தவறு, பிரஷாந்தன் எதையும் எடுக்கவில்லை, தெரியாமல் ஒரு நல்ல மனிதனின் பேரைக் கெடுத்துவிட்டேன் என்றான். வாசுதேவன் புத்தகத்தை ஒளித்தது தான்தான் என்று சொன்னார். எங்கே, எதற்கு என்பதையும் விடவில்லை. மிரியம் அம்மையார் மொழி புரியாமல், ஆனால் தலையை ஆட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். கூட்டம் கறிவேப்பிலைக் கட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டது. ஒரு ஆன்ட்டி, “நான் அப்பவே நம்பேல்ல” என்றார். மதியம் குரூப்பில் அதைப் பரப்பியவர்களில் அவரும் ஒருவர்.

ரஞ்சினி பிரஷாந்தனைத் தேடினாள். அவன் உள்ளே வரவே இல்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே, ட்ராலிகள் அடுக்கிய இடத்தில், கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். வேலை உடுப்பில் இன்னும் வெள்ளைத் தூசி இருந்தது. உள்ளே போகிற ஒருவர் “பிரஷாந்தன், எப்பிடி இருக்கிறீர்?” என்று அவன் தோளில் தட்டினார்.

அவன், செய்யாத தவறுக்கு, தலையை இன்னும் தாழ்த்திக்கொண்டான். உள்ளே மன்னிப்புக் கேட்க வந்து நின்ற மூன்று பேரும் அதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள்.